ரேகை விழாத விரல்

போன மாதம் ரேஷன் கடையில் அம்மா ஏழு தடவை விரல் வைத்தாள். பக்கத்தில் நின்று எண்ணினேன். வலது பெருவிரல் இரண்டு தடவை, ஆட்காட்டி விரல் இரண்டு தடவை, பிறகு சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு நடுவிரல், அப்புறம் இடது கைப் பெருவிரல். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன மெஷினில் சிவப்பு வெளிச்சம் வந்து போனது. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "எடுக்கல சின்னம்மா, இன்னொருக்கா வையுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் ஊர்க்காரர், அம்மாவை முப்பது வருடமாகத் தெரிந்தவர், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவருக்கு அம்மாவைத் தெரியும், வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், ஆனால் அரிசி போட வேண்டுமென்றால் மெஷினுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏழாவது தடவை இடது கை மோதிர விரலை எடுத்துக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு விரலை மட்டும் மற்ற விரல்களோடு சேர்க்காமல் கொஞ்சம் விலக்கிப் பிடித்திருந்தாள்.

அம்மா 26 வருடம் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கருங்கல் பக்கம் காலையில் ரோட்டில் தூக்குச்சட்டியோடு வேகமாக நடக்கிற பெண்களைப் பார்த்தால் அண்டி ஆபீஸுக்குப் போகிறார்கள் என்று கேட்காமலே தெரியும். வறுத்த அண்டியைத் தல்லிப் பருப்பு எடுக்கும்போது தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் கையில் ஒட்டும், அது தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், பூசினாலும் பொசுக்கும். தோல் கறுத்து, உரிந்து, புதிதாக வந்து, அதுவும் கறுத்து, இப்படியே வருடக்கணக்கில் போய் அம்மாவின் விரல் நுனிகள் தேய்த்து வைத்த சிரட்டை மாதிரி ஆகிவிட்டன. வரி ஓட வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்புதான் இருக்கிறது.

அன்று ராத்திரி ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை மறுபடியும் எடுத்தேன். நாகர்கோவிலில் எம்.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் வாங்கிய பழைய பிரதி, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். 1949 ஜூனில் வெளிவந்த நாவல் அது. அதைப் பற்றி வகுப்பில் பேசினாலும் பரீட்சையில் எழுதினாலும் எல்லோரும் டெலிஸ்கிரீனில்தான் தொடங்குவோம், சுவரில் இருந்தபடி நம்மைப் பார்க்கிற, கேட்கிற, முழுதாக அணைக்கவே முடியாத அந்தப் பெட்டியில். இந்தத் தடவை என் கண் வேறு ஒரு இடத்தில் போய் நின்றது. அந்தக் கதையில் வருகிற நாட்டில் நூற்றுக்கு 85 பேர் உழைக்கிற ஜனங்கள், 'புரோல்கள்' என்று பெயர். அவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் டெலிஸ்கிரீனே கிடையாது. அந்த நாட்டை ஆள்கிற கட்சிக்கு அவர்கள் ஒரு பொருட்டே இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் பார்க்கப்படுகிறவன் கதாநாயகன் வின்ஸ்டன் மாதிரி கட்சி ஆள், ஆபீஸ் வேலைக்காரன், டைரி எழுதத் தெரிந்தவன். ஏழைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத இடம் இதுதான். எம்.ஏ. படிக்கும்போது இதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. நம் நாட்டில் அதிகாரம் முதலில் பார்க்க ஆரம்பித்தது ஏழையைத்தான். புதிதாக வருகிற எந்தக் கருவியையும் முதலில் அவன் மேல்தான் வைத்துப் பார்த்தார்கள், சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வந்தது.

ஆர்வெல்லுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. அவர் பிறந்தது பிகாரில் மோதிஹாரி என்ற ஊரில், 1903இல். அவருடைய அப்பா அபின் இலாகாவில் வேலை பார்த்தார். அவரே 1922 முதல் 1927 வரை பர்மாவில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் போலீஸ் அதிகாரி. அந்தப் போலீஸ் வேலைக்கு அடிப்படையாக இருந்த கைரேகை முறை வளர்ந்ததே இந்த மண்ணில்தான். வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858இல் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கைப்பதிவு வாங்கியதில் தொடங்குகிறது கதை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்துவிட்டது. ரேகைகளை வகை பிரித்து அடுக்குகிற முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயர் போனது, அதற்கான கணக்கு வேலையைப் போட்டவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். லண்டனில் ஸ்காட்லாந்து யார்டு அதை எடுத்துக்கொண்டது 1901இல். லண்டன்காரன் மை தொடுவதற்கு முன்னாலேயே நம் ஆட்கள் கையை நீட்டியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த மை எப்படி வந்தது என்பது மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்த சாதியை வைத்தே ஒருவன் குற்றவாளி என்று எழுதி, பெயர் பதிந்து, ரேகை எடுத்து, ராத்திரியில் ஆஜர் சொல்ல வைத்தார்கள். ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம்தான். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு, பெயர் மாயக்காள். இது ஆர்வெல் பர்மாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. கண்காணிப்பு என்றால் என்ன என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது லண்டனில் ஒரு அறைச் சுவரில் இருக்கிற பெட்டியா, இந்த ஊரா?

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருங்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறேன். விண்ணப்பம் போடுவது, பிரிண்ட் எடுப்பது, ஆதார் வைத்துச் செய்கிற வேலைகள். நவம்பர் மாதம் வந்துவிட்டால் பென்ஷன் வாங்குகிறவர்கள் வரிசையாக வருவார்கள், உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க. 2014இல் அது டிஜிட்டல் ஆனது. விரலை வைத்தால் போதும், சான்று போய்விடும். எண்பது வயதுக்காரர் ஒருவர் என் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் பேரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே விரலை வைப்பார். எடுக்காது. என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார், சாயா குடிக்கிறார், ஆனால் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னால் செல்லாது.

மிஷெல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் கண்காணிப்பையும் தண்டனையையும் பற்றி 1975இல் எழுதிய புத்தகத்தில் ஒரு பகுதி வரும், அதை இப்போது அந்த நாற்காலியை நினைக்காமல் என்னால் படிக்க முடியவில்லை. கொள்ளைநோய் வந்த ஊரை எப்படி அடைப்பார்கள் என்று சொல்கிறார். எல்லா வீட்டையும் வெளியிலிருந்து பூட்டுவார்கள். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர். அவர் தினமும் வந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் ஜன்னலில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் நோயாளி, இல்லையென்றால் பிணம், எதுவோ ஒன்று பேரேட்டில் ஏறும். 2020இல் நம் வீட்டு வாசல்களில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்களுக்கு விளக்கமே வேண்டாம். நோயைத் தடுக்க அது தேவைதானே என்று கேட்டால், தேவைதான். ஃபூக்கோவும் அதைக் கெட்டவன் ஒருவன் செய்த சதியாகச் சொல்லவில்லை. நல்ல காரணத்துக்காகத் தொடங்குகிற ஒரு பழக்கம், பெயர் கூப்பிடுவதும் வந்து நிற்பதும் எழுதிவைப்பதும், பள்ளிக்கூடம், பட்டாளம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ஜெயில் என்று எப்படிப் பரவி நம் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் அவருடைய கவலை.

அந்தப் புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் இருக்கிற முதல் வார்த்தைக்குத் தமிழில் நேரான வார்த்தை 'கண்காணி'. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தேன். கேமரா, டேட்டா என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் கண்காணிப்பு என்ற வார்த்தையைப் புதிய வார்த்தை மாதிரி பயன்படுத்துகிறோம், அது புதியது இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே கோயில் காரியத்தைப் பார்த்துக்கொள்கிற கண்காணி வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஜனங்களைக் கூட்டிப்போய், அவர்கள் தலைக்கு மேல் நின்று வேலை வாங்கியவர் கங்காணி, அதே வார்த்தைதான் மருவியது. பெரும்பாலும் அவரும் அந்த ஜனங்களின் ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். வேலைக்கு வந்த தலைகளைக் கணக்குப் பார்த்து அவருக்குக் காசு. திருமந்திரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, கண்காணி இல்லை என்று நினைத்துக் கள்ளம் பல செய்கிறார்கள், பார்க்கப்போனால் கண்காணி இல்லாத இடமே இல்லை என்று திருமூலர் சொல்கிறார். எங்கும் கலந்து நிற்கிற அந்தக் கண்காணியைக் கண்டுகொண்டவர்கள் களவை விட்டார்களாம். பெந்தாம் என்ற இங்கிலாந்துக்காரர் 1787இல் கடிதம் கடிதமாக எழுதி வரைந்து காட்டிய வட்ட ஜெயிலுக்கு, நடுவில் கோபுரம், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது, இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் எங்கும் பார்க்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. திருமூலர் சொல்வது இறைவனை, அந்தக் கண் யாருடைய கூலியையும் பிடிக்காது.

பெந்தாம் அந்த யோசனையை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஜெயிலில் இருந்து இல்லை. ரஷ்யாவில் ஒரு பெரிய எஸ்டேட்டில் அவருடைய தம்பி சாமுவேல் வேலையாட்களை மேய்த்துக்கொண்டிருந்தார், ஒரே ஆள் நின்ற இடத்தில் நின்று எல்லாரையும் பார்க்கிற மாதிரி ஒரு பட்டறைக் கட்டடத்தை யோசித்தது அவர்தான். முதலில் தொழிலாளிக்கு, பிறகு கைதிக்கு. அதைப் படித்தபோது அம்மாவின் அண்டி ஆபீஸ்தான் கண் முன்னால் வந்தது.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் சில நாள் அங்கே போய் வாசலில் நிற்பேன். நீளமான கூடம், வரிசை வரிசையாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் இருக்கிற வழியில் மேஸ்திரி நடந்துகொண்டே இருப்பார். தொலி உரிக்கக் கொடுக்கும்போது பருப்பை எடை போட்டுக் கொடுப்பார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கும்போது முழுப் பருப்பு தனி, உடைந்தது தனி, தொலி தனி என்று எடை. உடைந்தது கூடினால் பேச்சு கேட்க வேண்டும். தரம் பிரிக்கிற பெண்களுக்குக் கண்ணே தராசு. 180, 240, 320 என்று நம்பர் சொல்வார்கள், 320 என்றால் ஒரு பவுண்டுக்கு முன்னூறிலிருந்து முன்னூற்று இருபது பருப்புக்குள் நிற்க வேண்டும், அதைக் கையால் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு பெண் நின்று ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் விடுவார், முந்தானை, இடுப்பு மடிப்பு, தூக்குச்சட்டி. அம்மா அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, யாரும் சொல்லாமல், இரண்டு கையையும் தோளுக்கு உயர்த்திக்கொள்வாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கடவுச்சொல் மாதிரி அவள் உடம்பு அதைக் கற்றுவைத்திருந்தது. இப்போதும் பெரிய ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியைப் பார்த்தால் அவள் கை தானாகக் கொஞ்சம் மேலே போகிறது. ஃபூக்கோ பணிந்த உடம்பு என்று பக்கம் பக்கமாக எழுதியதை நான் முதலில் பார்த்தது ஏழு வயதில், அந்த வாசலில்.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு '1984'ஐ விட அது நெருக்கம். அதில் தலைப்பில் வருகிற அந்தப் பணிப்பெண்கள் கடைக்குப் போகும்போது இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பாதுகாப்புக்கு என்று பெயர், ஒருத்திக்கு இன்னொருத்தி உளவாளி என்பதுதான் விஷயம். நான் இருந்த ஹாஸ்டலிலும் அப்படித்தான். வெளியே போனால் ஜோடியாகப் போக வேண்டும், ரெஜிஸ்டரில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும், ஒருத்தி தாமதமாக வந்தால் இரண்டு பேருக்கும் தண்டனை. என்னோடு கையெழுத்துப் போட்டவள் எனக்கு நல்ல சிநேகிதி. ஆனால் பேருந்து நிலையத்தில் அவள் யாரோடோ பேசிக்கொண்டு நின்ற பத்து நிமிடமும் நான் அவளைச் சிநேகிதியாகப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளை வெறுத்தேன். அந்த வெறுப்பை எனக்குள் வைத்தது யார் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. எங்கள் தெருவில் குழு லோன் வாங்குகிற பெண்கள் விஷயத்திலும் இதே ஏற்பாடுதான். பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்குவார்கள், ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேர் பொறுப்பு. பணம் கொடுத்தவர்கள் சத்தம் போடவே வேண்டாம். கட்ட முடியாதவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது அவளோடு சேர்ந்து வளர்ந்த பெண்கள். அவள் வீட்டில் என்ன சமைத்தார்கள், பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கினார்களா என்று பார்த்து வைத்திருப்பதும் அவர்கள்தான். ஒரு வருடம் அம்மாவும் அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அட்வுட் நாவலில் இன்னொரு இடம். கதை சொல்கிற பெண் ஒரு நாள் கடைக்குப் போய் கார்டைக் கொடுக்கிறாள், எடுக்கவில்லை. அன்றைக்கு நாட்டில் எந்தப் பெண்ணின் கார்டும் எடுக்கவில்லை. பெண்களைப் பொறுத்தவரை ஒரு கார்டோடு எல்லாம் முடிந்துவிட்டது. ஜில் தெலூஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1990இல் எழுதிய சின்னக் கட்டுரையில் இதையே வேறு வழியில் சொல்கிறார். ஃபூக்கோ சொன்ன பூட்டிய இடங்களின் காலம் போய்க்கொண்டிருக்கிறது, இனி சுவர் தேவைப்படாது என்கிறார். அவருடைய நண்பர் குவாத்தாரி கற்பனை செய்த ஒரு நகரத்தை எடுத்துக் காட்டுகிறார், அங்கே யாரும் எங்கேயும் போகலாம், கையில் ஒரு மின்னணு அட்டை இருக்கிறது, அது கதவைத் திறக்கும். ஒரு நாள் திறக்காமலும் போகலாம். நம்மை அடைத்து வைக்க வேண்டியதில்லை, 'எடுக்கல' என்ற ஒரு வார்த்தை போதும். ரேஷன் கடையில் அன்றைக்கு ஏழு தடவையில் ஆறு தடவை அம்மா கேட்டது அதைத்தான்.

சரி, இதெல்லாம் மெஷின் வந்த பிறகு வந்த கஷ்டம், முன்னால் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லவே கூடாது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும் வரை நாங்கள் திருவிதாங்கூர். அந்தச் சமஸ்தானத்தில் ஒரு பெண் தோளில் சீலை போடலாமா கூடாதா என்பதை அவள் சாதி முடிவு செய்தது. 1829இல் ராஜ கட்டளையே போட்டார்கள். அதைச் சரிபார்க்கத் தனியாக ஒரு போலீஸ் வேண்டியிருக்கவில்லை, தெருவில் சந்தையில் நிற்கிற ஒவ்வொரு மேல்சாதிக் கண்ணும் போலீஸ். சந்தையில் வைத்துச் சீலையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26 அறிவிப்பு வரும் வரை எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் அந்தப் பார்வைக்கு நடுவில்தான் நடந்தார்கள். ஃபூக்கோ எடுத்துப் பேசுகிற பெந்தாமின் கோபுரத்தில் யார் இருக்கிறார் என்று கைதிக்குத் தெரியாது. இங்கே நன்றாகத் தெரியும், பெயர், வீட்டுப் பெயர், எல்லாம் தெரியும். ஃபூக்கோவைப் படிக்கிற நம் ஆட்கள் பலர் இந்த இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள், சாதியின் கண்ணை விட்டுவிட்டு நவீன அரசின் கண்ணை மட்டும் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதிக்கு, அவர் வழியைச் சேர்ந்தவர்கள் கும்பிடுகிற இடத்துக்கு, போனவர்களுக்குத் தெரியும், அங்கே சிலை கிடையாது, கண்ணாடி. முன்னால் நின்றால் நம் முகம்தான் தெரியும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பார்கள், தலையில் துணி கட்ட விடாத காலத்தில் அய்யா கட்டச் சொன்னது. நான் அந்த வழியைச் சேர்ந்தவள் இல்லை, சிநேகிதி ஒருத்தியோடு ஒரு தடவை போனேன். எப்போதும் இன்னொருவன் கண்ணால் அளக்கப்பட்ட ஜனங்களிடம், இந்தா உன் கண்ணால் உன்னைப் பார் என்று ஒரு மனிதர் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சொல்லியிருக்கிறார், அதற்காக ஜெயிலிலும் இருந்திருக்கிறார். கண்காணிப்பைப் பற்றிப் படித்த எந்தக் கோட்பாட்டிலும் எனக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கவில்லை.

பார்க்கப்படுவது மட்டுமே பயம் என்று நினைத்தால் அதுவும் பாதிதான். 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள், நாங்கள் நண்பர்கள் நாலு பேர் அதைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசினோம். மூன்று மாதம் கழித்து ஒக்கி புயல் வந்தது. நவம்பர் 30, எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது, ரப்பர் மரங்கள் வரிசையாக விழுந்தன. எங்களுக்குப் போனது மரம், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனது ஆட்கள். ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், எங்கே என்ற கணக்கை வீடு வீடாகக் கேட்டு எழுதியது ஊர்க்காரர்களும் பங்குச் சாமியார்களும்தான். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்கென்று ரேகை பதித்த அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். யார் நீ என்று கேட்பதற்கு அட்டை இருந்தது, எங்கே இருக்கிறாய் என்று தேடிப் போவதற்கு எதுவும் இல்லை. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது எங்களைப் பாருங்கள் என்பதுதான். காணாமல் போனவர் இறந்தவர் என்று எடுத்துக்கொள்ளச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும், அதுவரை காத்திருக்க முடியாது என்று பெண்கள் கெஞ்சினார்கள். என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கிற பெரியவரும், புருஷன் இறந்துவிட்டான் என்று நிரூபிக்க அலைந்த அந்தப் பெண்களும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எப்போது கண்ணை மூடிக்கொள்வது என்பதை முடிவு செய்கிற இடத்தில்தான் அதிகாரம் இருக்கிறது, கேமராவில் இல்லை. ஆர்வெல்லின் 85 பேரை நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். அவர்களைப் பார்க்காமல் விட்டதை விடுதலை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ரேஷன் கடை நடந்த அந்த வாரம் அம்மாவுக்கு ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக '1984' கதையைச் சொன்னேன். அவள் கதை கேட்கிறவள், குறுக்கே கேள்வி கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரனை அவன் பெற்ற பிள்ளையே காட்டிக்கொடுக்கிறது என்றதும் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைக்காரக் கிழவன் ஒருவனிடம் வின்ஸ்டன் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் படத்துக்குப் பின்னால் டெலிஸ்கிரீன் இருந்தது என்றதும், "எனக்கு அப்பவே தோணிச்சு மக்கா, அந்தக் கெழவன் சரியில்ல" என்றாள். ஆனால் அவள் பிடித்துக்கொண்டது ஆரம்பத்தில் வருகிற ஒரு சின்ன விஷயத்தை. வின்ஸ்டன் வீட்டில் டெலிஸ்கிரீன் வழக்கமான சுவரில் இல்லாமல் வேறு சுவரில் மாட்டப்பட்டிருக்கும், அதனால் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொந்து மாதிரி இடம் அதன் பார்வைக்குத் தப்பிவிடும். அங்கே உட்கார்ந்துதான் அவன் டைரி எழுதத் தொடங்குவான்.

"ஒரு மூலையாவது கெடச்சுதே அவனுக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு எங்கே மூலை இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிறந்த வீட்டில் எட்டுப் பேர். கல்யாணம் முடிந்து வந்த வீட்டில் ஒரே அறை, அதில் மாமியார். அப்புறம் அண்டி ஆபீஸ் கூடம். இப்போது நான், என் அண்ணன், மைனி, இரண்டு பிள்ளைகள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் இருந்த ஒரு மணி நேரம் என் நினைவில் இல்லை.

நேற்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும், மாத்திரை கொடுக்கத் தேடினேன், வீட்டுக்குள் இல்லை. போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றுக்கும் விறகுப்புரைக்கும் நடுவில் துவைகல் கிடக்கிறது, மேலே அயினி மரம், அந்த இடத்துக்கு வீட்டு வெளிச்சமும் வராது, ரோட்டு வெளிச்சமும் வராது. அம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தாள், சுவரைப் பார்த்து, காலை நீட்டிக்கொண்டு, முந்தானை விலகியதைக்கூட இழுத்துவிடாமல். நான் வந்தது தெரியவில்லை. போனை அணைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

முன்வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றுகொண்டிருந்தாள். "அம்மை எங்க பிள்ளே, ஆளையே காணல?" என்று கேட்டாள்.

உள்ளே படுத்திருக்கிறாள் என்று சொன்னேன்.